பொதிகைக் காணிச் சிறாரும் மெய்நிகர் கல்வியும்

தமிழ் பொதிகையில் பிறந்தது என்பது நெல்லைச் சீமையில் இலக்கிய மேடை ஏறும் எவரும் சொல்லத் தவறாத செய்தியாகும். அகத்தியர் அம்மலையில் அமர்ந்து தமிழுக்கு இலக்கணம் கண்டார் என்னும் மரபு தொன்மையானது. அதன் வரலாற்று மதிப்பை அளப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அம்மலையில் இன்று வாழும் குழந்தைகள் தமிழ்ப் பாடத்தை எவ்வழியில் கற்கின்றனர், பள்ளிக் கதவு அடைபட்ட நாளில் அவர்களுக்கு நேர்ந்தது என்ன, திரைவழிப் பாடம் அவர்களுக்கு எந்த அளவு கைகொடுக்கும் என்பனவே ஈண்டு எண்ணிப் பார்க்கப்படுகின்றன. தமிழ்த்துறை மலரில் இப்பொருளுக்கு என்ன இடம் என்று வினவுவோர் இருக்கலாம். தமிழ் பிறந்ததாக நாம் போற்றும் மலையில் தமிழ்ப் பாடநூல் ஒரு குழந்தைக்கு அயலாக நிற்குமாயின், அதுபற்றி முதலில் கவலைகொள்ள வேண்டியவர் தமிழாசிரியரே.

பத்தமடைக்கும் அம்மலைக்கும் உள்ள தொலைவு பெரிதன்று. சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். எம் ஊர்ப் பெண்கள் பாய் நெய்வதற்குக் கோரையை ஊற வைக்கும் தண்ணீர் அம்மலையிலிருந்து இறங்கி வருவதுதான். தாமிரபரணி நமக்கு நீர் தருகிறது என்று அறிவோம். அதன் தலைமடையில் மனிதர் வாழ்கின்றனர் என்பதைச் சொரிமுத்து அய்யனார் கோயிலின் ஆடி அமாவாசைக் கூட்டம் பற்றிப் பேசும்போது மட்டுமே நினைத்துக்கொள்கிறோம்.

காணி மக்கள்

பாபநாசத்திற்கு மேலே மயிலாறு, சேர்வலாறு, அகத்தியர் காணிக் குடியிருப்பு, இஞ்சிக்குழி முதலிய இடங்களில் வாழ்வோர் காணிக்காரர் எனப்படுவர். குமரி மாவட்ட மலைகளிலும் கேரளத்தின் திருவனந்தபுரம், கொல்லம் மாவட்ட மலைகளிலும் இவர்தம் உறவினர் உளர். தேன், மிளகு, மரவள்ளிக் கிழங்கு, வாழை ஆகியவற்றோடு பிணைந்தது இவர்கள் வாழ்க்கை. ஊர்த்தலைவர் மூட்டுக்காணி, மருந்தும் மந்திரமும் அறிந்தவர் பிலாத்தி. கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசி ஒலியெழுப்பி இவர்கள் பாடும் சடங்குப் பாடல்கள் இரவு முழுதும் நீள்வதுண்டு. காணி என்னும் சொல் சமவெளியில் உரிமை நிலத்தைக் குறிக்கும். அப்பெயரையே இனப்பெயராகக் கொண்ட மக்கள், தாம் குடியிருக்கும் நிலத்திற்கு உரிமைத்தாள் பெறுவதற்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது.

முண்டந்துறை, களக்காடு ஆகிய இரு சரணாலயங்களும் 1988-இல் இணைக்கப்பட்டுத் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம் ஆயின. காணிக் குடியிருப்புகள் அதன் உள்ளே அமைந்துள்ளன. எனவே ஆசிரியரோ மருத்துவரோ செல்வதாயினும் வனச் சோதனைச் சாவடியைக் கடந்தே செல்ல வேண்டும். மாலைக்கு மேல் அச்சாவடி அடைபட்டுவிடும். இஞ்சிக்குழியோ காரையாறு அணைக்கும் அப்பால் உள்ளது. அணை நீரைப் படகில் கடந்தோ காட்டுவழி நடந்தோதான் அங்குச் சேரலாம். காரையாற்றுப் பகுதியில் பழங்குடியினர்க்கென அரசு உண்டு உறைவிடப் பள்ளி உள்ளது. மேற்படிப்பு வேண்டுவோர் விக்கிரமசிங்கபுரத்திற்கோ அம்பாசமுத்திரத்திற்கோ இறங்கி வர வேண்டும்.

இங்கே ஒரு முரணைச் சுட்டாமல் இருக்க இயலவில்லை. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944 முதல் இயங்குகிறது. காணிகளின் மலைநீர் எந்திரத்தைச் சுழற்றி ஆலைகளுக்கு மின்சாரம் தந்த காலத்தில், அம்மலையின் உட்காட்டுக் குடியிருப்புகளை மின்கம்பி எட்டிப் பார்க்கவில்லை. இந்நிலை நெடுங்காலம் நீடித்தது.

இரண்டாயிரத்து இருபதில் நேர்ந்தது

கொரோனாத் தொற்றின் காரணமாக 2020 மார்ச்சு மாதம் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டது 2021 நவம்பர் முதல் நாளில். ஏறத்தாழ 19 மாதம். முதல் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தொடங்கிய குழந்தை அதே எழுத்தை மீளக் கண்டபோது மூன்றாம் வகுப்பில் இருந்தது.

அரசு கைகட்டி இருந்துவிடவில்லை. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சி வகுப்புவாரியாகப் பாடங்களை ஒளிபரப்பியது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் அச்சிடப்பட்டிருந்தன, கைப்பேசியைக் காட்டினால் பாடக்காட்சி தோன்றும். கல்லூரி மாணவர் ஏறத்தாழ ஒன்பதே முக்கால் இலட்சம் பேருக்கு 2021 சனவரி முதல் ஏப்பிரல் வரை நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரவு இலவசமாக அறிவிக்கப்பட்டது. இவையனைத்தும் பாராட்டத்தக்கன. ஆயினும் தொலைக்காட்சிக்கு மின்சாரம் வேண்டும். குறியீட்டுக்குக் கைப்பேசி வேண்டும். தரவு அட்டைக்குக் கோபுரம் வேண்டும். மூன்றும் இல்லாத இடத்தில் மூன்று திட்டங்களும் சாவடிக்குக் கீழேயே நின்றுபோயின.

அண்டை மாநிலத்தின் பட்டறிவு ஒப்பிடத்தக்கது. கேரளம் 2020 சூன் முதல் நாளிலேயே விக்டர்ஸ் அலைவரிசையில் 'ஃபர்ஸ்ட் பெல்' என்னும் பெயரில் வகுப்புகளைத் தொடங்கியது. வீட்டில் தொலைக்காட்சி இல்லாத மாணவர் மிகப் பலர் என்பது தொடங்கியவுடன் தெரிந்தது. நூலகங்களிலும் பழங்குடி ஊர்களின் சமுதாயப் படிப்பறைகளிலும் தொலைக்காட்சி வைத்துச் சிறாரைக் கூட்டி அமர்த்தும் ஏற்பாடு பின்னர் செய்யப்பட்டது. ஆளுக்கொரு கருவி கொடுக்க இயலாதபோது ஊருக்கொரு கருவி வைத்தனர். நெருக்கடியில் கண்ட இவ்வழியே, எம் கருத்தில், இயல்பான காலத்திற்கும் மேலான வழியாகும்.

நம் மாநிலத்தின் மலையூர்களிலும் கருவியை நம்பாத முயற்சிகள் நிகழ்ந்தன. கோவை மாவட்டத்துச் சின்னாம்பதியில் பட்டம் பெற்ற பழங்குடிப் பெண் ஒருவர் தம் ஊர்ச் சிறாரைக் கூட்டி நாள்தோறும் பாடம் சொன்னமை அந்நாளைய செய்தித்தாள்களில் இடம்பெற்றது. அவருக்கு எவரும் ஆணையிடவில்லை, ஊதியமும் இல்லை. 2021 அக்டோபர் 27 அன்று தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் ஏறத்தாழ இதே கருத்தை மாநில அளவில் கொண்டு சென்றது. தன்னார்வலர்க்கு மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகையும் தந்தது.

மெய்நிகர் என்னும் சொல்

மெய்க்கு நிகரானது மெய்நிகர். சொல்லாக்கம் நன்று, ஆயினும் அது நிறுவ வேண்டிய ஒன்றை முன்னதாகவே நிறுவிவிட்டது போலும். நிகராவதற்கு என்ன வேண்டும் என்பதைத் தொலைவழிக் கல்வியின் வரலாற்றில் தேடுவோம்.

ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் 1951-இல் வானொலிவழிப் பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது. நூற்றுக்கணக்கான கல் தொலைவில் சிதறிக் கிடந்த மாட்டுப் பண்ணைகளின் குழந்தைகளுக்கு அது வகுப்பறையாயிற்று. மின்சாரமற்ற அவ்விடங்களில் மிதிவண்டி போல் காலால் மிதித்து இயக்கும் வானொலியை ஆல்பிரட் டிரேகர் என்பார் 1920-களின் இறுதியிலேயே ஆக்கியிருந்தார். அப்பள்ளியின் புகழுக்கு வானொலியையே பலரும் காரணமாகச் சொல்வர். ஆனால் அங்கே ஒவ்வொரு குழந்தையின் அருகிலும் வீட்டு ஆசிரியர் ஒருவர், பெரும்பாலும் தாயார், அமர்ந்திருக்க வேண்டும் என்பது முறை. பள்ளி ஆசிரியரும் அவ்வப்போது நெடுவழி பயணம் செய்து மாணவரின் வீட்டிற்கே வந்து செல்வார். அலைவரிசை அவ்விருவரையும் இணைக்கும் நூலாக இருந்தது. அது பண்ணை முதலாளிகளின் குழந்தைகளைக் கருதித் தொடங்கப்பட்டதே அன்றி, அந்நிலத்தின் தொல்குடிகளான பழங்குடிச் சிறாரைக் கருதித் தொடங்கப்பட்டதன்று என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும்.

நம் நாட்டில் 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு 'சைட்' என்னும் செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சோதனை நடைபெற்றது. ஆறு மாநிலங்களில் 2400 சிற்றூர்கள் அதில் அடங்கின, தமிழகம் இல்லை. அமெரிக்காவிடம் இரவலாகப் பெற்ற செயற்கைக்கோள் ஓராண்டுக்குப்பின் திரும்பிச் சென்றதும் சோதனை முடிந்தது. 1984-இல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்சனில் தொடங்கிய நாடு தழுவிய வகுப்பறை நிகழ்ச்சி நல்ல ஆங்கிலத்தில் வந்தது. நம் கல்லூரி மாணவரே அதனைப் படத்திற்காகப் பார்த்தனர். 2004-இல் கல்விக்கென்றே எடுசாட் ஏவப்பட்டது. 2017-இல் ஸ்வயம் தளம் வந்தது. வானத்திற்குச் செல்லும் வழி ஒவ்வொரு முறையும் செம்மையாயிற்று. வானத்திலிருந்து குழந்தையின் மடிக்கு இறங்கும் கடைசி ஒரு கல் தொலைவே எப்போதும் இடர்ப்பட்டது.

எம் ஊரிலேயே இதற்கொரு சான்று உண்டு. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியபின், கல்லூரி வாயிலை மிதிக்க வாய்ப்பில்லாத பெண்கள் தறியருகே இருந்துகொண்டே பட்டம் பெறும் வழி திறந்தது. அவ்வாறு படித்த மூத்தோரிடம் உரையாடினால், அஞ்சலில் வந்த பாடக்கட்டுகளைப் பற்றி அவர்கள் அதிகம் சொல்வதில்லை. நேர்முக வகுப்பு நடந்த சில நாள்களைப் பற்றியே பேசுகின்றனர். கட்டுகளில் விளங்காமல் கிடந்தது, கேள்வி கேட்டபோது விளங்கிற்று என்கின்றனர். பாய் நெசவும் அத்தகையதே. நுண்பாயின் கோரையை எந்த அளவுக்குக் கிழிப்பது என்பதைப் படக்காட்சியில் நூறு முறை பார்க்கலாம். தாயின் விரல் மகளின் விரலைத் திருத்தும் அந்த ஒரு கணம் படத்தில் இல்லை.

மொழி என்னும் மலை

கருவிக்கும் கோபுரத்திற்கும் பிறகு எஞ்சுவது மொழி. தமிழ்த்துறையினர் கருத வேண்டிய இடம் இதுவே. காணிகளின் வீட்டுமொழி வெளியார் செவிக்குத் தமிழும் மலையாளமும் கலந்ததுபோல் ஒலிக்கும். தென்திராவிடக் குடும்பத்தைச் சார்ந்த அதற்கெனத் தனி ஒலிப்பும் சொல்வளமும் உண்டு. அம்மொழி பேசி வளர்ந்த ஐந்து வயதுக் குழந்தையின்முன் எழுத்துத் தமிழ் முதன்முறையாக வைக்கப்படுகிறது. வகுப்பறையில் ஆசிரியர் குழந்தையின் முகத்தைப் பார்த்து நிறுத்துவார், வேறு சொல்லால் சொல்வார், அருகிலுள்ள பெரிய பிள்ளையைக் கேட்பார். திரையிலுள்ள ஆசிரியர் நிறுத்தமாட்டார். சென்னையில் பதிவான அப்பாடம் மயிலாற்றுக் குழந்தையின் புருவம் சுருங்கியதை அறியாமல் அடுத்த பக்கத்திற்குச் சென்றுவிடும்.

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகட்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலம் முயல வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 350-ஏ உறுப்பு. காணிமொழியில் பாடநூல் அச்சிட வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடவில்லை. முதல் இரண்டு ஆண்டுகளாவது வீட்டுமொழியிலிருந்து பாடத்தமிழுக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் ஒருவர் வேண்டும் என்பதே வேண்டுகோள். வயநாட்டில் 2017-இல் 'கோத்திரபந்து' என்னும் திட்டத்தின்கீழ்க் கேரள அரசு பழங்குடி இளைஞர்களையே தொடக்கப் பள்ளிகளில் துணை ஆசிரியர்களாக அமர்த்தியது. குழந்தை தன் வீட்டுப் பேச்சைப் பள்ளியில் கேட்கிறது. பள்ளிக்கு வர அஞ்சும் குழந்தைக்கு இதைவிடப் பெரிய ஊக்கம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

காணிச் சமூகத்திலும் இன்று கல்லூரி கண்ட இளைஞர்கள் உள்ளனர். அவருள் ஒருவரைக் குடியிருப்புதோறும் அமர்த்தி உரிய ஊதியம் தந்து, அவர் கையில் திரையையும் பாடத்தொகுப்பையும் கொடுத்தால், பதிவான பாடத்தை எங்கே நிறுத்துவது என்பதை அவர் அறிவார். இணைய இணைப்பு இல்லையே எனின், அது இன்று பெருந்தடையன்று. பாடப் படங்களைச் சிறு பெட்டியில் சேமித்து வைத்து, இணையமின்றியே பக்கத்துக் கருவிகளுக்கு அனுப்பலாம். இதற்கென்றே ஆக்கப்பட்ட 'கோலிப்ரி' போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. கூரையில் ஒரு சூரிய ஒளித்தகடு, மாதம் ஒருமுறை புதிய பாடங்களைச் சுமந்து மலையேறும் ஒரு சேமிப்பு அட்டை ஆகியன போதும்.

சுமந்து செல்வது யார் எனின், ஏற்கெனவே சென்றவர் உண்டு. இஞ்சிக்குழியில் வாழ்ந்த நூறு வயதைக் கடந்த மூதாட்டிக்கு முதியோர் உதவித்தொகையைக் கொடுக்கப் பாபநாசம் மேலணை அஞ்சலக ஊழியர் ஒருவர் அணையையும் காட்டையும் கடந்து நடந்து சென்றமை சில ஆண்டுகளுக்குமுன் நாடறிந்த செய்தியாயிற்று. வங்கிக் கணக்கிற்கு நொடியில் அனுப்பத்தக்க பணம் அங்கே மனிதன் காலால்தான் சேர்ந்தது.

சட்டம் இடந்தருகிறது

புலிகள் காப்பகத்தில் கட்டடமும் கம்பியும் எங்ஙனம் என்று கேட்டு இப்பேச்சை முடித்துவிடுவோர் பலர். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூன்றாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் படித்தல் நலம். பள்ளி, அங்கன்வாடி, மருந்தகம், மின்கம்பி, தொலைத்தொடர்புக் கம்பி, மரபுசாரா எரிசக்தி, சமுதாயக்கூடம் முதலிய 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எக்டேருக்குக் குறைவான வன நிலத்தை ஒதுக்கலாம். எக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டலாகாது. கிராமசபை பரிந்துரைக்க வேண்டும். புலிக்கும் பள்ளிக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்குமாறு சட்டம் சொல்லவில்லை.

2022 சூலையில் ஒன்றிய அரசு, கைப்பேசி அலை எட்டாத 24,680 ஊர்களுக்கு 4ஜி கொண்டுசெல்லும் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2023-இல் தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டமோ மிகவும் நலிந்த பழங்குடிகள் எனப் பட்டியலிடப்பட்டோர்க்கு மட்டும் உரியது. தமிழகத்தில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு இனத்தார் அதில் உளர், காணிக்காரர் இல்லை. ஆகவே, இவர்கள் பெற வேண்டியதைக் கிராமசபைத் தீர்மானத்தின் வழியாகவே கேட்டுப் பெறுதல் வேண்டும். தீர்மானம் எழுதத் தெரிந்தவர் குடியிருப்பில் இருத்தல் வேண்டும் என்பதால், பேச்சு மறுபடியும் கல்விக்கே வந்து நிற்கிறது.

மலையிலிருந்து இறங்கும் பாடம்

திரைவழி இருபுறமும் செல்லத்தக்கது. மலைக்குப் பாடம் ஏறும் அதே வழியில் மலையின் அறிவு நமக்கு இறங்கி வரலாம். கேரளக் காணிகள் களைப்பு நீங்க உண்ட ஆரோக்கியப்பச்சை என்னும் செடியை 1987-இல் ஆய்வாளர் அவர்கள் வாயிலாக அறிந்தனர். பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை ஆக்கியது. உரிமக் கட்டணத்திலும் ஆதாயப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என முடிவாகி, 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று. உலகம் எடுத்துக்காட்டாகப் பேசிய நிகழ்ச்சி அது. எனினும் எல்லாக் காணி ஊர்களும் அதில் தொடக்கத்திலேயே கலந்துகொள்ளவில்லை என்னும் குறையும் எழுந்தது. செடி பற்றிய ஒரு சொல்லுக்கே இவ்வளவு வழக்கு எனின், பாட்டையும் கதையையும் கைப்பேசியில் பதிந்து யாவரும் காண இணையத்தில் ஏற்றுவதற்கு முன் எத்துணை எச்சரிக்கை வேண்டும் என்பதை நாட்டார் வழக்காற்றியல் பயிலும் நம் மாணவர் எண்ணிப் பார்த்தல் தகும்.

நம் துறை செய்யத்தக்கன சிலவே. முதல் இரு வகுப்புத் தமிழ்ப் பாடங்களைக் காணி இளைஞர் ஒருவரின் துணையோடு, அவர் குரலிலேயே, சிறு சிறு ஒலிப்பாடங்களாகப் பதியலாம். வீட்டுச்சொல்லையும் பாடச்சொல்லையும் அடுத்தடுத்து வைத்து ஒரு சிறு சொற்கையேடு தொகுக்கலாம். முதுகலை மாணவர் ஒருவர்க்கு இது நல்ல ஆய்வேடாகும். இந்நிலப்பகுதியில் கல்வியில் பின்தங்கிய சமுதாயம் ஒன்றிற்காகக் கல்லூரி எழுப்பிய பெரியோர், சூரிய ஒளித்தகட்டுக்கும் இளைஞரின் ஊதியத்திற்கும் உதவ முன்வருவர் என நம்புகிறோம். ஆனால் பொருள் திரட்டுவதற்கு முன், முதற்கண் செய்ய வேண்டியது மூட்டுக்காணியையும் பெற்றோரையும் கண்டு, அவர்கள் கேட்பது என்ன என்று அறிந்து வருதல். வனத்துறையின் இசைவைப் பெற்று, மழைக்காலம் தொடங்குமுன் சென்று வர வேண்டும். பதிவு செய்யும் ஒவ்வொன்றின் படியும் அக்குடியிருப்பிலேயே இருத்தல் வேண்டும். எதனை வெளியே தருவது, எதனை மலையிலேயே வைத்துக்கொள்வது என்பதை அவர்களே முடிவு செய்வர்.